முன்பணம் கொடுத்ததற்காகத் தொழிலாளியைப் பிடித்து வைக்க முடியுமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கடிதம் எழுதியவர் காரைக்குடிக்குப் பக்கத்தில், சிமென்டில் கையால் செய்யும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை நடத்துகிறார். அப்பா காலத்துத் தொழில். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய டைல்ஸைச் சென்னையில் உள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனம் வாங்கி, பிரிட்டனில் உள்ள ஒரு பெரிய வீட்டு அலங்கார நிறுவனத்துக்கு அனுப்புகிறது. போன மாதம் அங்கிருந்து 'நவீன அடிமைமுறைத் தடுப்புக் கொள்கை' என்று ஒரு ஆவணம், நீளமான கேள்விப்பட்டியல், கடைசியில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் வந்திருக்கின்றன. "எங்களிடமும், எங்களுக்குப் பொருள் தருபவர்களிடமும் கொத்தடிமை, கட்டாய வேலை, சிறார் உழைப்பு எதுவும் இல்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது.

வாசகர் எழுதுகிறார்: "அடிமை என்ற சொல்லைப் பார்த்ததும் என் மனைவி அழுதுவிட்டாள். எங்களிடம் வேலை செய்பவர்களின் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றுக்கும் கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்திருக்கிறோம். வட்டி ஒரு பைசா வாங்கியதில்லை." அதே கடிதத்தில் இதையும் சொல்கிறார். அச்சு வேலையில் கைதேர்ந்த ஒருவர் 85,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். இப்போது வேறு பட்டறைக்குப் போக வேண்டும் என்கிறார். "கணக்கை முடித்துவிட்டுப் போ" என்று சொல்லி, அவருடைய ஆதார் அட்டையையும் ரேஷன் அட்டையையும் வாசகர் வாங்கி வைத்துக்கொண்டார். பக்கத்துப் பட்டறைகளுக்கும் போன் போட்டு, அவரைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தத் தொழிலாளியின் மனைவியும் அதே பட்டறையில்தான் வேலை செய்கிறார், ஆனால் கூலிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பதினாறு வயது மகன் விடுமுறையில் வந்து தொட்டியிலிருந்து கல் எடுத்து அடுக்குகிறான். ஏஜென்ட் மூலம் வந்த ஆறு வடமாநிலத்தவர்கள் கொட்டகையிலேயே தங்கியிருக்கிறார்கள், அவர்கள் கூலி ஏஜென்ட் கையில் போகிறது.

இதற்கிடையில் ஒரு கன்சல்டன்ட் வந்து, ஒரு தொகை கொடுத்தால் எல்லா ரெக்கார்டும் தயார் செய்து தருகிறேன் என்றாராம். வாசகர் கேட்பது நான்கு கேள்விகள். கையெழுத்துப் போடலாமா? போட்டுவிட்டுப் பிரச்சினை வந்தால் வெளிநாட்டுச் சட்டம் என்னைப் பிடிக்குமா? கொடுத்த முன்பணம் போய்விடுமா? உண்மையைச் சொன்னால் ஆர்டர் போய்விடாதா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைப் பற்றிக் குறையாகத் தோன்றக்கூடியதையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் நேராகப் பதில் சொல்ல முடிகிறது. முதலில் கையெழுத்து விஷயம்: இப்போது இருக்கும் நிலையில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அது பொய்யாகிவிடும். ஆனால் ஆர்டரைக் கைவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சரிசெய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே இருக்கிறது. சிலவற்றை இந்த வாரமே செய்துவிடலாம்.

உங்கள் மனைவி அழுதது எனக்குப் புரிகிறது. நீங்கள் பணம் கொடுத்தது உதவிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சட்டம் பணம் கொடுத்தவரின் மனதை அளப்பதில்லை. வாங்கியவர் நாளைக் காலை வேலையை விட்டுவிட்டு நடந்து போக முடியுமா என்று பார்க்கிறது. உங்கள் தொழிலாளியால் இன்று அப்படிப் போக முடியவில்லை.

பிரிட்டன் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது

அந்தக் கொள்கைக்குப் பின்னால் இருப்பது பிரிட்டனின் நவீன அடிமைமுறைச் சட்டம், 2015. அதன் 54ஆம் பிரிவின்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் கொள்முதல் சங்கிலியிலும் அடிமைமுறை இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். அதை இயக்குநர் குழு ஏற்க வேண்டும், ஓர் இயக்குநர் கையெழுத்திட வேண்டும், நிறுவனத்தின் இணையதள முகப்பிலேயே அதற்கு இணைப்பு இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018இல் வந்த சட்டமும் ஏறக்குறைய இதே வகை. அங்கே வரம்பு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் வருவாய்.

இந்தக் கடமை அந்த நிறுவனத்துக்குத்தான். பிரிட்டன் சட்டத்தின் அந்தப் பிரிவு உங்கள் பட்டறை வரை நேராக வராது. உங்களைக் கட்டுவது இரண்டு: நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம், நம் நாட்டுச் சட்டம். இதில் இரண்டாவதுதான் கடுமையானது. 'இதெல்லாம் வெள்ளைக்காரன் கிளப்பும் விவகாரம்' என்று நம் தொழில் வட்டாரத்தில் பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவு நம் அரசியல் சாசனத்தில் 1950இலேயே வந்துவிட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. பிரிட்டன் சட்டத்துக்கு முப்பத்தொன்பது ஆண்டுகள் முந்தியது அது.

ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் விற்கவே கூடாது என்ற விதிமுறை 2024இல் நிறைவேறி, 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதனால் இப்படிப்பட்ட கேள்விப்பட்டியல்கள் இனி அதிகமாகத்தான் வரும்.

அட்வான்ஸ் கொடுத்தது குற்றமா

அட்வான்ஸ் கொடுப்பது மட்டும் குற்றம் இல்லை. முதலாளி கடன் கொடுக்கலாம், கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அந்தக் கடன் எதற்குப் பிணையாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(g) பிரிவைத் தமிழில் எளிமையாகச் சொன்னால் இப்படி வரும். ஒருவர் வாங்கிய முன்பணத்துக்காக, அவரோ அவர் குடும்பத்தாரோ கூலியில்லாமல் அல்லது பெயரளவுக் கூலிக்கு உழைக்க வேண்டியிருந்தாலோ, வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தாலோ, விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழந்தாலோ அது கொத்தடிமை முறை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். அடி, உதை, பூட்டு, சங்கிலி எதுவும் தேவையில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, வாய்ப்பேச்சு போதும். பெயரளவுக் கூலி என்றால், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது. அப்படி நிர்ணயிக்காத வேலையாக இருந்தால், அந்த வட்டாரத்தில் வழக்கமாகக் கொடுப்பதற்குக் கீழே கொடுப்பது.

உங்கள் கடிதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். வேறு பட்டறைக்குப் போகக்கூடாது என்று நிறுத்தியிருக்கிறீர்கள், மற்றவர்களையும் சேர்க்கவிடாமல் செய்திருக்கிறீர்கள், அடையாள அட்டைகளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்கப் பதினோரு அறிகுறிகள் வைத்திருக்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது, கடனால் கட்டிப்போடுவது, கூலியை நிறுத்தி வைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. நாளை வாங்குபவர் சார்பில் ஆடிட்டுக்கு வருபவர் அந்தப் பட்டியலோடுதான் வருவார். உங்களைத் தனியே விட்டுவிட்டுத் தொழிலாளர்களிடம் பேசுவார். அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "உங்கள் ஆதார் யாரிடம் இருக்கிறது?" என்பதாக இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 85,000 ரூபாய் போய்விடுமா என்று கேட்டீர்கள். ஆளைப் பிடித்து வைத்தால்தான் அது போகும். கொத்தடிமைக் கடன் என்று முடிவாகிவிட்டால் அதைத் திருப்பிக் கேட்கும் உரிமையே உங்களுக்கு இருக்காது, அதை வாங்குவதும் குற்றம். அந்தப் பணம் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவர் மேல்தான் விழுகிறது. கொத்தடிமை வேலை வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். அவரைப் போகவிட்டுவிட்டால், அது சாதாரணக் கடனாக நிற்க இடம் இருக்கிறது. தவணை பேசி எழுதிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் மற்ற எந்தக் கைமாற்றுக்கும் போலச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த வழி மெதுவானது, முழுப் பணமும் வராமல் போகலாம். நான் அதை மறைக்க விரும்பவில்லை. சட்டம் உங்களுக்குத் திறந்து வைத்திருக்கும் வழி அது ஒன்றுதான்.

இன்னொரு வழக்கத்தைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள்: புதுப் பட்டறைக்காரர் பழைய கணக்கைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிப்போவது, 'இதில் யாருக்கும் நஷ்டமில்லையே' என்று. இந்த இடத்தில் நம் பக்கத்துப் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் கங்காணிகள் மூலம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். அடுத்த தோட்டம் அதைக் கட்டி அவர்களை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் அவர்கள் கூடவே போகும், ஒவ்வொரு மாற்றத்திலும் கூடும். அந்த முறையை இலங்கையில் 1921இலேயே ஒழித்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒழிந்த ஒன்று காரைக்குடிப் பக்கத்தில் போன் பேச்சாக உயிரோடு இருக்கக்கூடாது என்று நான் நினைக்கிறேன். ஒரு மனிதரின் கடனை இரண்டு முதலாளிகள் தங்களுக்குள் பேசி முடிக்கும்போது, நஷ்டப்படுகிறவர் அந்தப் பேச்சிலேயே இல்லாத மூன்றாமவர்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

அட்டைகளை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். எல்லோருடையதையும். 'பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம்' என்ற விளக்கம் எங்கேயும் எடுபடாது. தேவைப்பட்டால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொழிலாளியையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, போக வேண்டும் என்றால் போகலாம் என்று வாயால் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். போன் போட்ட பட்டறைகளுக்குத் திரும்பவும் போட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லுங்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிக் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அவற்றில் கரையவில்லை, அது தனியாக அப்படியே நிற்கிறது.

மனைவியின் விஷயம் எனக்கு அட்வான்ஸைவிட முக்கியமாகப் படுகிறது. கடன் கணவர் பேரில், கூலி கணவர் பேரில், உழைப்பு மட்டும் இரண்டு பேருடையது. பீஸ் கணக்கில் கூலி கொடுத்தாலும், ஒவ்வொருவருடைய வேலை நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி வந்தாக வேண்டும். ஒரே கூலியை இரண்டால் வகுத்தால் பெரும்பாலும் வராது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. பசியும் வறுமையும் ஒருவரைத் தள்ளினால் அதுவும் கட்டாயம்தான் என்றது அந்தத் தீர்ப்பு. எனவே அந்த அம்மாவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், கூலியை அவர் கணக்கிலேயே போடுங்கள். இதுவரை விட்டுப்போனதையும் கணக்கிட்டுக் கொடுங்கள். அப்படிக் கணக்கிட்டால், கணவர் உங்களுக்குத் தர வேண்டியதைவிட நீங்கள் அந்தக் குடும்பத்துக்குத் தர வேண்டியது அதிகமாக இருக்கலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பதினாறு வயதுப் பையனை நிறுத்திவிடுங்கள். 'குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம்' என்ற விலக்கைக் காட்டி எழுதியிருக்கிறீர்கள். அது தொழில் யாருடைய குடும்பத்துடையதோ அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு. பட்டறை உங்களுடையது, பையன் உங்கள் தொழிலாளியின் மகன். தவிர, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக்கூடாது. சிமென்டும் அதைச் சார்ந்த பொருட்களும் ஆபத்தான தொழில்களின் சட்டப் பட்டியலில் வருகின்றன. ஊறிய சிமென்ட் தண்ணீர் கையை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய அட்வான்ஸ் நோட்டைக் கிழித்துவிடாதீர்கள். புதிதாக எழுதி வைக்கவும் வேண்டாம். யாரிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கவே கூடாது. உள்ளூரில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் அந்த நோட்டை அப்படியே காட்டுங்கள். ஏற்கெனவே நடந்ததற்குச் சட்டப்படி பொறுப்பு இருக்கலாம், அதை இல்லை என்று நான் எழுதினால் உங்களை ஏமாற்றுகிறேன் என்று ஆகும். நீங்களே முன்வந்து விடுவித்ததும், பாக்கி கொடுத்ததும், ஆவணத்தை மறைக்காததும் எந்த விசாரணையிலும் கணக்கில் வரும்.

ஏஜென்ட் மூலம் வந்தவர்கள்

அந்த ஆறு பேர் விஷயத்தில் நீங்கள் மிகவும் நிம்மதியாக இருக்கிறீர்கள். எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். "அவர்களுக்கு நான் ஒரு பைசா அட்வான்ஸ் கொடுக்கவில்லை" என்கிறீர்கள். ஏஜென்ட் கொடுத்திருக்கலாம். அல்லது வேலை வாங்கித் தர அவர்களிடமே பணம் வாங்கியிருக்கலாம், அதற்கு அவர்கள் ஊரில் வட்டிக்கு வாங்கியிருக்கலாம். கூலி ஏஜென்ட் கைக்குப் போவதால், எவ்வளவு பிடித்துக்கொண்டு எவ்வளவு கொடுக்கிறார் என்பது உங்களுக்கே தெரியாது. ஏஜென்ட் கொடுக்காமல் விட்டால் அந்தக் கூலிக்கு உங்களைத்தான் பிடிப்பார்கள். பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

இனி ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் நேராகப் போடுங்கள். கணக்கு இல்லாதவருக்குத் திறந்து கொடுங்கள். ஏஜென்ட் கமிஷனை நீங்கள் தனியாகக் கொடுங்கள், அவர்கள் கூலியிலிருந்து போகக்கூடாது. அவர்கள் மொழி தெரிந்த, ஏஜென்டுக்கு வேண்டியவர் அல்லாத ஒருவரை வைத்து, ஏஜென்ட் இல்லாத நேரத்தில் பேசுங்கள்: வரும்போது என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தீர்கள், யாருக்குக் கடன், ஊருக்குப் போக வேண்டும் என்றால் போக முடியுமா? கொட்டகைக்கு இரவில் பூட்டுப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சரக்குப் பாதுகாப்புக்குச் சரக்கு அறையைப் பூட்டுங்கள்.

இனி எப்படிக் கடன் கொடுப்பது

அட்வான்ஸையே நிறுத்திவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டும் என்றால் அவர்கள் கந்துவட்டிக்காரரிடம் போவார்கள், அது இன்னும் மோசம். செட்டிநாடு பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய சீமை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவர்கள் பற்றையும் வரவையும் கலக்கவிட்டதில்லை. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவாருங்கள். கூலிக்கு ஒரு ஏடு, கடனுக்கு ஒரு ஏடு, இரண்டும் தனித்தனி.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு தாள். தொகை, தேதி, மாதம் எவ்வளவு பிடிப்பது, வட்டி இல்லை என்ற விவரம், எல்லாம் தமிழில், ஒரு பிரதி தொழிலாளி கையில். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். என்னைக் கேட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள், மீதியில்தான் அவர்கள் குடும்பம் நடக்க வேண்டும். கடன் தொகைக்கும் உச்சவரம்பு வையுங்கள், ஒரு மாதக் கூலி என்று வைத்தால் போதும். ஒரு வருஷத்தில் அடைக்க முடியாத கடனைக் கொடுக்கும்போதே அது ஆளைக் கட்டிப்போடும் கடன் என்று தெரிந்துகொள்ளலாம். அந்தத் தாளில் இந்த வரியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: "கடன் பாக்கி இருந்தாலும் நான் எப்போது வேண்டுமானாலும் வேலையிலிருந்து விலகலாம். பாக்கியைத் தவணையில் செலுத்துவேன்."

கைதேர்ந்த ஆள் போய்விடுவார் என்ற பயம் எனக்குத் தெரிகிறது. கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணம் சிந்தாமல் ஊற்றும் கை ஒரு நாளில் வருவதில்லை. ஆனால் அவர் ஏன் போக நினைக்கிறார் என்று உங்கள் கடிதம் முழுவதும் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பத்திரத்தில் என்ன எழுதுவது

அந்த உறுதிமொழியில் எனக்கு இரண்டு இடங்கள் நெருடுகின்றன. ஒன்று, உங்களுக்குப் பொருள் தருபவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நீங்கள் உத்தரவாதம் தருகிறீர்கள். மணல், சிமென்ட், வண்ணப்பொடி, மரப்பெட்டி எல்லாம் எங்கெங்கோ செய்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததற்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. "நியாயமான அளவு விசாரித்த பிறகு எங்களுக்குத் தெரிந்தவரை" என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள், பின்பு உண்மையிலேயே விசாரியுங்கள். மணல் ஏற்றும் இடத்துக்கும் பெட்டி அடிக்கும் இடத்துக்கும் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பாருங்கள். இன்னொன்று, மீறல் தெரியவந்தால் வாங்குபவருக்கு ஏற்படும் எல்லா இழப்பையும் நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்ற வரி. பட்டறையையே விற்றாலும் அதற்குக் காணாது. ஆர்டர் மதிப்பு வரைதான் என்று வரம்பு கேளுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைவிட ஒரு கடிதம் எழுதுவது நல்லது. என்ன கண்டோம், எதைச் சரிசெய்துவிட்டோம், எதைச் சரிசெய்ய எத்தனை மாதம் வேண்டும் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆர்டர் போய்விடாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் 2011இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற தொழில், மனித உரிமை வழிகாட்டு நெறிகள், தவறு தெரிந்த உடனே வெட்டிக்கொண்டு போவதை ஊக்குவிப்பதில்லை. சரிசெய்யத் தன் செல்வாக்கைப் பயன்படுத்த வேண்டும், விலகினால் தொழிலாளர்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும் என்று வாங்குபவரிடம் சொல்கின்றன. அவர்களுடைய கொள்கை ஆவணத்தைத் திரும்பப் படியுங்கள், பெரும்பாலான கொள்கைகளில் 'திருத்த நடவடிக்கை' என்று ஒரு பகுதி இருக்கும். அதைச் சுட்டிக்காட்டியே எழுதுங்கள். தானாகச் சொன்னவரையும் ஆடிட்டில் பிடிபட்டவரையும் யாரும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

கன்சல்டன்ட் தயார் செய்யும் ரெக்கார்டு வேண்டவே வேண்டாம். போலிப் பதிவேடு ஒரு குற்றத்தின் மேல் இன்னொரு குற்றத்தை ஏற்றும். தொழிலாளர்களுக்கு 'இப்படிச் சொல்லு' என்று பாடம் சொல்லிக் கொடுப்பதும் அந்த வகைதான். பதினான்கு பக்கக் கொள்கையும் உங்களுக்குத் தேவையில்லை. ஒரே பக்கம், தமிழிலும் அந்த ஆறு பேரின் மொழியிலும்: இங்கே யாரும் எப்போதும் வேலையை விடலாம், அட்டைகளை வாங்கி வைக்க மாட்டோம், கூலி அவரவர் கணக்கில், 18 வயதுக்குக் கீழே வேலை இல்லை, வேலைக்காக யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம், புகார் சொன்னால் பழிவாங்க மாட்டோம். கீழே உங்களைத் தவிர வேறு ஒருவரின் போன் நம்பர். அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சென்னை நிறுவனம் தரவேண்டிய பணம்

இதை நீங்கள் கடைசியில் ஒரு வரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்: சரக்குப் போய் நான்கு மாதம் கழித்துத்தான் பணம் வருகிறது. என் பார்வையில் உங்கள் பட்டறையின் பிரச்சினைக்கு இதுவும் ஒரு வேர். உங்களுக்குப் பணம் வராததால் கூலி தள்ளிப்போகிறது, கூலி தள்ளிப்போவதால் அவர்கள் அட்வான்ஸ் கேட்கிறார்கள், அது ஏறிக்கொண்டே போகிறது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன் 15ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் உடனே செய்துகொள்ளுங்கள். பிரிட்டன் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இதையும் தயங்காமல் சேருங்கள்: நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்றால் எங்களுக்கும் நேரத்துக்குப் பணம் வர வேண்டும், பெண்களுக்குத் தனிக் கூலி சேர்த்தால் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு கூடும் என்று. கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கான விலையில் பங்கு கேட்க உங்களுக்கும் உண்டு.

இதே நிலையில் இருக்கும் தொழிலாளி யாராவது இதைப் படித்தால், அவருக்கும் இரண்டு வரி. நீங்கள் வாங்கிய அட்வான்ஸைக் காட்டி உங்களை யாரும் நிறுத்தி வைக்க முடியாது. காரைக்குடிப் பக்கம் என்றால் தேவகோட்டை வருவாய்க் கோட்டாட்சியரிடமோ சிவகங்கை மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம், இலவசச் சட்ட உதவிக்கு 15100, சிறார் பற்றிய புகாருக்கு 1098. விடுவிப்புச் சான்று கிடைத்தால் மறுவாழ்வு உதவியும் உண்டு, ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் சிறாருக்கும் இரண்டு லட்சம், கொடுமையின் அளவைப் பொறுத்து மூன்று லட்சம் வரை.

நண்பரே, பத்திரத்தின் கடைசி இரண்டு பக்கங்களையும் சென்னை நிறுவனத்தோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தையும் உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்து, இழப்பீட்டு வரியைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். மாதக் கடைசி வரை காத்திருக்காமல், அட்டைகளைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே வாங்குபவருக்கு முதல் கடிதம் போகட்டும்.